பூஜ்யத்துக்குப் பக்கத்தில்

எண்ணைக் குறைப்பது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எப்படிக் குறைப்பது என்பதற்குத்தான் கூட்டம். நெடுவெளி இயக்ககத்தின் இயக்குநர் அருணகிரி, டீ வருவதற்குள் அதையும் முடித்துவிட்டார். அவர் எதையும் இழுத்தடிக்கிற ஆள் இல்லை. முடிவு அவருடையது, அதன் பாரம் அடுத்தவர் தலையில் என்பதுதான் அவர் வழக்கம்.

"கேட் போர்டுல இன்னைக்கு என்ன காட்டுது, சுகிர்தா?"

"தொள்ளாயிரத்து ரெண்டு, சார்."

"இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஆயிரம் ஆயிடும். ஆயிரம்னா டிவிக்காரன் கேமராவைத் தூக்கிட்டு வந்துடுவான். திங்கட்கிழமையிலிருந்து ஒளியாண்டுல போட்டுடுங்க."

சுகிர்தா குடும்பத் தொடர்பு அலுவலர். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் வேலை. எட்டு வருஷத்துக்கு முன்னால் 'வைகறை' என்ற கலம் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு, நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் பனிப்பாறைகளை ஆராயக் கிளம்பியது. இரண்டாம் வருஷம் அது திரும்பியிருக்க வேண்டும். திரும்பச் சொல்லி எத்தனை கட்டளை அனுப்பியும் இயந்திரம் கேட்கவில்லை. அன்றிலிருந்து அது அதே வேகத்தில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பயிர் விளைகிறது, காற்று இருக்கிறது, நிறுத்த மட்டும் வழியில்லை.

ஆரல்வாய்மொழியில் இயக்ககத்தின் வாசலில் ஒரு பெரிய போர்டு உண்டு. 'தூரம்' என்ற தலைப்பு, கீழே ஒரு எண். குடும்பத்தாருக்கு ஆரம்பத்தில் கொடுத்த வாக்கு அது. முதலில் கிலோமீட்டரில் காட்டினார்கள். கடைசி இலக்கங்கள் கண்ணுக்கே பிடிபடாத வேகத்தில் சுழலும். ஒரு அம்மா அதைப் பார்த்துப் பார்த்து, இரண்டு நாள் சாப்பிடாமல் வாசலிலேயே மயங்கி விழுந்தார். அதன் பிறகு வானியல் அலகுக்கு மாற்றினார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒன்று. மூன்று நாளைக்கு ஒருமுறை எண் ஒன்று கூடும். அது பரவாயில்லை, மனிதர்களால் தாங்க முடிந்தது. அந்த மாற்றத்தைச் சுகிர்தாவே ஒவ்வொரு வீடாகப் போய் விளக்கிச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் வீடு வீடாப் போய்ச் சொல்லிடறேன், சார்."

"எதுக்கு? நேத்தே செயலியில ஒரு அறிவிப்பு போட்டாச்சு. எல்லாரும் 'சரி'ன்னு அழுத்திட்டாங்க."

"அதை யாரும் படிச்சிருக்க மாட்டாங்க, சார்."

"ஒளி ஒரு வருஷம் ஓடினா ஒரு ஒளியாண்டு. அந்த அளவுல பார்த்தா இவங்க இன்னும் வாசப்படியே தாண்டலை. புள்ளி பூஜ்யம் ஒண்ணு, அவ்வளவுதான். இதுல ஏதாவது பொய் இருக்கா, சொல்லுங்க?"

பொய் இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே வாசலில் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. எதிரே ஏழு மாதமாக நின்றிருந்த உண்ணாவிரதப் பந்தலை ஆட்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில்கள் ஒருபக்கம், மடித்த துணி ஒருபக்கம். மீட்புக் கலத்தை அனுப்பு என்று எழுதிய பதாகையை ஒருவர் சுருட்டி ஆட்டோவில் வைத்தார். அந்த மீட்புக் கலம் தயாராக நின்றது. ஆடிக்குள் கிளம்பினால் வைகறையை எட்டிப் பிடித்துவிடும், தாண்டினால் முடியாது. இந்தப் பந்தல் ஒன்றுதான் மேலே இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பந்தலைப் போட்டவர் தாணுமாலயன். பிரிக்கச் சொன்னவரும் அவரேதான். தோவாளைச் சந்தையில் பூ மொத்த வியாபாரம். அவர் மனைவி பகவதி கலத்தில் பயிர் பார்க்கிறவள்; மகள் வடிவு அவரோடு வீட்டில். அண்டாவில் பாயசத்தோடு அவர் வாசலில் நின்று, காவலாளிக்கும் ஆட்டோக்காரருக்கும் போகிற வருகிறவருக்கும் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. இன்னைக்கு வேண்டாம்னு மட்டும் சொல்லப்பிடாது."

"என்ன விசேஷம், அண்ணாச்சி?" என்று கேட்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கேளே! காலம்பற போர்டைப் பாத்தேன். என் கண்ணை நானே நம்பல. நேத்து வரைக்கும் தொள்ளாயிரத்து ரெண்டு, இன்னைக்குப் புள்ளி பூஜ்யம் ஒண்ணு! திரும்பிட்டாவ மேடம். திரும்புனது மட்டுமில்ல, கிட்டத்தட்ட வந்தே சேந்துட்டாவ. ஒரு ராத்திரியில எப்படிடேன்னு கூட இருந்தவன் கேட்டான். உங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கும், ரகசியம்னு வச்சிருந்திருப்பேள், இன்னைக்குத்தான் போர்டுல போட்டிருக்கேள்னு நான்தான் சொன்னேன். செரிதானே?"

சுகிர்தாவின் கையில் பாயசம் சுட்டது. "அண்ணாச்சி, அது வேற..." என்று அவள் ஆரம்பித்தாள்.

அதற்குள் அருணகிரியின் கார் வந்து நின்றது. இறங்கினார், பந்தலைப் பார்த்தார், பாயசத்தைப் பார்த்தார். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துகொண்டார். கெட்டிக்காரர். தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அதுவும் பொய் இல்லை. பிறகு சுகிர்தாவின் பக்கம் திரும்பி, "உள்ளே வாங்க, வேலை இருக்கு" என்றார்.

உள்ளே ஒரு வேலையும் இல்லை. "போர்டுல இல்லாத தூரத் தகவலை வெளியே சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். தெரியும். வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சொன்னால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. அவள் பயந்தாள். பயம்தான், வேறு பெயர் எதுவும் அதற்கு இல்லை.

அதே வாரம் தாணுமாலயன் பகவதிக்குச் செய்தி பதிய வந்தார். மாதம் ஒருமுறை குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு உண்டு. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேச வேண்டும். அது ஒளியின் வேகத்தில் போய்ச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகும், பதில் வர இன்னும் ஐந்து. அவர் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"பகவதி, நல்ல சேதி கேட்டியா? வடிவுக்கு மாப்பிள்ளை முடிச்சாச்சு. நாரோயில் பையன், நல்ல குணம். நீ வராம கல்யாணம் கிடையாதுன்னு நான் பிடிவாதமா இருந்தேன்லா? இப்ப ஆவணியில நாள் குறிச்சிட்டேன். போர்டுல பாத்தேன், புள்ளி பூஜ்யம் ஒண்ணுதான்..."

சுகிர்தா வெளியிலிருந்து பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்தினாள். கை தானாகவே செய்துவிட்டது. குடும்பச் செய்தியில் எண் எதுவும் போகக் கூடாது என்பது விதி. கலத்தில் இருப்பவர்கள் மனம் கலங்கிவிடக் கூடாது என்று எப்போதோ யாரோ போட்டது. எட்டு வருஷமாக அவள் பிறந்த நாள் தேதியைக்கூட வெட்டியிருக்கிறாள்.

"எண் சொல்லக் கூடாது அண்ணாச்சி. அந்த இடத்தை மட்டும் மாத்திச் சொல்லுங்க."

"அட ஆமா, மறந்தே போச்சு பாத்துக்கிடுங்க" என்று சிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பேசினார். "தூரமெல்லாம் குறைஞ்சிட்டு பகவதி. ஒண்ணுமே இல்லாம ஆயிட்டு. ஆவணிக்குள்ள பாத்துருவோம். உனக்கு அரளிப் பூவுல மாணிக்க மாலை நானே நின்னு கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கேன்."

செய்தி போயிற்று.

பதில் வந்தபோது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக்காலம் தொடங்கியிருந்தது. ஜன்னல்கள் அடித்துக்கொண்டே இருந்தன. எல்லாச் செய்தியையும் முதலில் கேட்பவள் சுகிர்தாதான். பகவதியின் குரலை அவள் எட்டு வருஷமாகக் கேட்கிறாள். நிதானமான குரல், செடிக்குத் தண்ணீர் விட்டதைப் பற்றியே பேசுகிற குரல். இந்தத் தடவை அது மூச்சு வாங்கியது.

"நீங்க சொன்னதைக் கேட்டுட்டு இங்க ஒருத்தரும் தூங்கல. எங்க இயந்திரம் இன்னும் திரும்பல, அதே மாதிரிதான் போயிட்டிருக்கு. அப்ப தூரம் குறையுதுன்னா நீங்க அனுப்பின கலம் எங்களை எட்டிட்டு வருதுன்னுதானே? முதல்லயே சொல்லியிருக்கப்பிடாதா? கேப்டன் கண்ணுல தண்ணி வந்துட்டு. பூட்டி வச்சிருந்த முந்திரியையும் வெல்லத்தையும் எடுத்துப் பாயசம் வச்சோம். இனிமே எதுக்குச் சேத்து வைக்கணும்? கலம் வந்து ஒட்டுற கதவு இருக்குல்லா, அங்க விளக்கு போட்டு வச்சிருக்கோம். அணைக்க மாட்டோம். அதுல யாரெல்லாம் வாறாங்கன்னு பேரை மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. படுக்கை ஒதுக்கி வைக்கணும். வடிவுகிட்ட சொல்லுங்க, அவளுக்கு நான்தான் தலை பின்னுவேன்னு."

சுகிர்தா அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்த ஒரு எண்ணைப் போக விட்டிருந்தால் அங்கே இருக்கும் கணக்குத் தெரிந்த யாராவது ஒரு நிமிஷத்தில் பெருக்கிப் பார்த்து, இது வெறும் அலகு மாற்றம் என்று சொல்லியிருப்பார்கள். விதிப்படிதான் வெட்டினாள். எட்டு வருஷத்தில் ஒருநாளும் அந்த விதியை மீறியதில்லை.

நேரே அருணகிரியின் அறைக்குப் போனாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"பாவம்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"சார், இன்னும் ஆடி பிறக்கல. மீட்புக் கலத்தை இப்ப அனுப்பினாக்கூடப் பிடிச்சிடலாம். அவங்க நினைக்கிறது நிஜமாயிடும். யாரும் பொய் சொன்னதா ஆகாது."

அருணகிரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தக் கலத்தைப் போன வாரம் நிலாப் பணிக்கு மாத்திட்டாங்க. நான் வாதாடிப் பார்த்தேன், நம்பினா நம்புங்க. கேட்ல ஒரு ஆள்கூட இல்லையே, யாருக்காக அனுப்பணும்னு கேட்டாங்க. போர்டு என்ன காட்டுதுன்னு கேட்டாங்க. புள்ளி பூஜ்யம் ஒண்ணுன்னேன். அதுக்கு இவ்வளவு அவசரமான்னு சிரிச்சாங்க."

"அலகு என்னன்னு அவங்க கேக்கலையா, சார்?"

"யாரும் கேக்கலை."

"இவங்களுக்கு என்ன பதில் அனுப்பறது?"

"கல்யாண வாழ்த்து அனுப்புங்க. கலத்தைப் பத்தி ஒண்ணும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் சந்தோஷமா இருக்கட்டும். வேற என்ன இருக்கு நம்மகிட்ட கொடுக்கறதுக்கு?"

அவள் அன்று இரண்டு வரி உண்மையைத் தட்டச்சு செய்தாள். அனுப்புவதற்கு இயக்குநரின் கைரேகை வேண்டும். திரை அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள்.

பகவதியின் செய்தியைத் தாணுமாலயனுக்குக் கொடுத்தபோது, இயந்திரத்தையும் மீட்புக் கலத்தையும் பற்றிய பகுதியை வெட்டியிருந்தாள். தலை பின்னுவதும் பாயசமும் மட்டும் மிச்சம். அவர் அதைச் சந்தையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாராம்.

ஜெயிலானாலும் சரி, அவரிடம் சொல்லிவிடுவது என்று ஒருநாள் தோவாளைக்குக் கிளம்பிப் போனாள். அவர் வீட்டில் இல்லை. பந்தல்காரரோடு நாகர்கோவில் போயிருந்தார். வடிவுதான் இருந்தாள். வாசல் முழுக்க வெள்ளை அடித்து, நிலைக்குப் புது வண்ணம் பூசி, உள்ளே ஒரு அறையைக் காட்டினாள். புதுக் கட்டில், புது மெத்தை, ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி.

"அம்மாவுக்கு. அப்பா பாத்துப் பாத்துச் செஞ்சது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன சொல்ல வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நான் பிசிக்ஸ்லா படிச்சேன். அன்னைக்கே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

சுகிர்தா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாகிட்ட சொல்லலையா?"

"ஒவ்வொரு நாளும் சொல்லணும்னுதான் எந்திரிக்கேன். அவரு சிரிச்சுக்கிட்டே சாப்பிடுகாரு. அம்மா போன பிறகு நான் அதைப் பாத்ததே இல்லக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் இப்ப சொன்னா என்ன நடக்கும்? அந்த மீட்புக் கலம் கிளம்புமா? சொல்லுங்க, கிளம்பும்னா இந்த நிமிஷமே சொல்லிருகேன். கல்யாணமே வேண்டாம் எனக்கு."

கிளம்பும் என்று சொல்ல வாய் திறந்தது. நிலாவுக்குப் போய்விட்ட கலத்தை நினைத்து மூடிக்கொண்டது. "அது போயாச்சு, வடிவு" என்றாள்.

அந்தப் பெண் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். "அப்ப கல்யாணம் முடியட்டும்க்கா. மறுவீடு முடிஞ்சதும் நானே அவர் கையைப் பிடிச்சுச் சொல்லிருகேன்." சுகிர்தா காப்பியைக் குடித்தாள். சொல்ல வந்தவள் சொல்லாமலே திரும்பினாள். வழிநெடுகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆடி கழிந்தது. ஆவணி பிறந்ததும் அருணகிரி மறுபடி கூட்டம் போட்டார்.

"ரெண்டு மூணு நாள்ல போர்டு புள்ளி பூஜ்யம் ரெண்டுன்னு காட்டும். கூடாது. எண் ஏறினா பந்தல் திரும்ப வந்துடும். பார்செக்குக்கு மாத்திடுங்க. மூணேகால் ஒளியாண்டு சேர்ந்தா ஒரு பார்செக். அதுல போட்டா குறைஞ்சிடும்."

சுகிர்தா மனக்கணக்குப் போட்டாள். "சார், பார்செக்ல போட்டா புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கத்துல ஒண்ணுமே வராது. போர்டுல வெறும் பூஜ்யம்தான் தெரியும். மூணு இலக்கமாவது காட்டலாம்."

"மூணு இலக்கம் போட்டா ஏறுறது தெரிஞ்சிடும். பூஜ்யமே இருக்கட்டும். பூஜ்யத்தைப் பார்த்து யார் அழப் போறாங்க?"

"வியாழக்கிழமை தாணுமாலயன் அண்ணாச்சி வீட்டுல கல்யாணம், சார். அவர்..."

"நல்லதாப் போச்சு. நிம்மதியா நடத்தட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். "அதுக்கு மேலயும் அலகு இருக்கு, கவலைப்படாதீங்க. கிலோபார்செக், மெகாபார்செக். பிரபஞ்சத்துக்கு அலகு பஞ்சமே இல்லை."

வியாழக்கிழமை அவளுக்கும் அழைப்பு இருந்தது. போக மனம் வரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய கோப்புகளைத் தூசி தட்டினாள். போர்டு மாற்றம் அன்று காலை நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நடந்துவிட்டதா என்று பார்க்கக்கூட அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை. காவலாளி அழைத்தார்.

"மேடம், தாணு அண்ணாச்சி வந்திருக்காவ. மேளத்தோட."

ஓடினாள். காற்றில் சேலைத் தலைப்பு பறந்தது. வாசலுக்கு வெளியே ஒரு வேன், அதிலிருந்து இறங்கிய நாதஸ்வரக்காரர், தவில்காரர், தட்டோடு இரண்டு பெண்கள். நடுவில் பட்டு வேட்டியில் தாணுமாலயன். இரண்டு கையிலும் வாழை இலையில் பொதிந்த மாலை. சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் நொச்சி இலையும் கட்டம் கட்டமாக மடித்த மாணிக்க மாலை. காற்று அதைப் பிடுங்கிவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் போர்டு. 0.00.

"காலம்பற செயலியில பாத்தேன் மேடம்" என்றார். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். "பூஜ்யம். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. வடிவு பின்னால ஓடியாந்து என் சட்டையைப் பிடிச்சு இழுக்கா, போகாதீங்கப்பா, நில்லுங்கப்பான்னு. அழுகா. அம்மையைப் பாக்கப்போற சந்தோஷம், வேறென்ன? இதோ வந்துருகோம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஐந்து மாதமாக அவள் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. இப்போது தடுக்க யாரும் இல்லை. ஜெயில் நினைவுக்கே வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அது வேற அலகு. தூரம் குறையவே இல்லை. ஒருநாளும் குறையல. நாங்கதான் அளக்கிற கோலை மாத்திக்கிட்டே இருந்தோம். அவங்க இன்னமும் போயிட்டே இருக்காங்க. பகவதியக்கா வரல. வரவே மாட்டாங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவர் அவளைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னது அத்தனையும் கேட்டார். வார்த்தை வார்த்தையாகக் கேட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு போர்டைத் திரும்பிப் பார்த்தார். அது அப்படியேதான் இருந்தது. மாலையில் சரிந்த ஒரு நொச்சி இலையை விரலால் சரிசெய்தார்.

அங்கே கலத்திலும் அந்தக் கதவுக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்; பதினொரு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; பகவதி கையில் சீப்பு வைத்திருப்பாள்.

"செரி மேடம்" என்றார் தாணுமாலயன், குழந்தையைத் தேற்றுகிற குரலில். "அவ எந்த வாசல் வழியா வாறான்னு மட்டும் சொல்லுங்க. நான் அங்க போய் நின்னுக்கிடுகேன்."

காவலாளி இருவரையும் பார்த்தார், பிறகு போர்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தடுப்புக் கம்பியை மேலே தூக்கி அவருக்கு வழி விட்டார்.